பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியைச் சுத்தம் செய்வது: துரு போகணும், நிறம் போகக்கூடாது

கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா வைத்திருந்த, இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி. வெளியே இரண்டு குதிரை, அதாவது சுடும்போது அடிக்கும் சுத்தியல். குழல் முழுக்க அலையலையாகக் கோடு. மூக்குப் பக்கமும் (குழலின் வாய்) கை பிடிக்கும் இடத்திலும் செம்புள்ளியாகத் துரு, பின்னால் இருக்கும் மரக்கட்டை எண்ணெய் ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. உப்புத்தாள் போடலாமா, பிராஸோ போடலாமா, டபிள்யூடி-40 அடிக்கலாமா, இல்லை பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் கடையில் கொடுத்து பஃபிங் அடித்து ஹாலில் மாட்டிவிடலாமா என்பது கேள்வி. இந்த நாலில் மூன்று வேண்டவே வேண்டாம். டபிள்யூடி-40க்கு மட்டும் ஒரு சின்ன வேலை உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் லைசென்ஸ் விஷயம், ஏனென்றால் நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. லைசென்ஸ் தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால், 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். "நூறு வருஷத்துப் பொருள்தானே, லைசென்ஸ் எதற்கு" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குத்தான் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. 12 போர் தோட்டா போட்டால் வெடிக்கக்கூடிய துப்பாக்கி எத்தனை வயதானாலும் துப்பாக்கிதான். விலக்குக் கிடைக்கட்டும் என்று குழலில் ஓட்டை போடுவது, வெல்டிங் வைப்பது மாதிரி வேலை எதுவும் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

அடுத்து, அது காலியா என்று பாருங்கள். உங்களுடையது பின்பக்கம் மடித்துத் திறப்பது, திறந்து இரண்டு அறையையும் பார்த்தால் தெரிந்துவிடும். இதைப் படிக்கும் வேறு யாராவது வாய்வழியாக மருந்து இடிக்கும் பழைய துப்பாக்கி வைத்திருந்தால், பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு வாயருகே அடையாளம் போட்டு, வெளியே எடுத்து அதே குச்சியைக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குச்சி பின்முனை வரை வராமல் ரெண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஈரம் படாத கருமருந்து தலைமுறை தாண்டியும் வெடிக்கும். அப்படியே வைத்துவிட்டு விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். உங்கள் துப்பாக்கியின் குழலில் இருக்கும் பழுப்பு நிறம் பெயின்ட் இல்லை, முலாமும் இல்லை. அதுவே துருதான். குழலைச் செய்து முடித்ததும் அமிலக் கரைசலைத் தடவி, ஈரமான அறையில் வைத்து வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவார்கள். மேலே பொடியாக நிற்பதைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி தடவுவார்கள், மறுபடி துருப்பிடிக்கும். இப்படிப் பல நாள் செய்து சீரான பழுப்பு வந்தால் அது பிரவுனிங். ஒவ்வொரு சுற்றிலும் குழலைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் சிவப்புத் துரு கறுப்புத் துருவாக, அதாவது மாக்னடைட்டாக, மாறிவிடும். அதுதான் புளூயிங். ஆக, நீங்கள் காப்பாற்ற நினைக்கும் நிறமும் நீக்க நினைக்கும் துருவும் ஒரே இரும்பு, ஒரே ஆக்சிஜன். துருவை மட்டும் தேடிப்பிடித்துக் கரைத்து நிறத்தை விட்டுவைக்கும் திராவகம் கடையில் கிடையாது. "ரஸ்ட் ரிமூவர்" என்று பாட்டிலில் வருவதில் பாஸ்பாரிக், ஆக்சாலிக், சிட்ரிக் என்று ஏதோ ஒரு அமிலம் இருக்கும். வீட்டில் விளக்கு தேய்க்கும் புளியும் எலுமிச்சையும் வினிகரும் அதே ஜாதி. புள்ளித் துரு போகும் இடத்தில் பக்கத்து நிறமும் போய், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தை மறைக்க இன்னும் கொஞ்சம் தேய்ப்பீர்கள், அப்புறம் முழுக் குழலும் வெளுத்துவிடும். இப்படி ஆன துப்பாக்கிகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

அந்த அலைக் கோடு டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக அடுக்கி முறுக்கி, ஒரு கம்பியின் மேல் சுற்றிச் சுற்றி அடித்துக் குழலாக்கியது. பெல்ஜியத்தின் லியேஜ் பக்கம் இதற்குப் பெரிய தொழிலே இருந்தது, இங்கிலாந்துப் பெயர் பொறித்த பல துப்பாக்கிகளின் குழல்கூட அங்கிருந்து வந்ததுதான். இரும்பும் எஃகும் வெவ்வேறு அளவில் நிறம் ஏற்பதால்தான் கோடு தெரிகிறது. உப்புத்தாள் போட்டால் கோடு மறைந்து வெறும் வெள்ளைக் குழாய் ஆகிவிடும். கோடு உலோகத்துக்குள்ளேயே இருப்பதால் தெரிந்தவர் மறுபடி நிறம் ஏற்றி வெளியே கொண்டுவரலாம், ஆனால் அது பழைய நிறம் ஆகாது. நம் ஊரில் அந்தக் கைவேலை தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை.

குதிரைகளும் பக்கத் தகடுகளும் இருக்கும் பகுதியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். திருகாணி ஓரத்திலும் குதிரை மறைக்கும் நிழலிலும் நீலமும் வைக்கோல் நிறமும் பழுப்பும் கலந்து மேகம் மாதிரி ஏதாவது மிச்சமிருந்தால், அது எலும்புக்கரியோடு மரக்கரியையும் சேர்த்துப் பெட்டியில் வைத்துச் சுட்டு நீரில் தணித்ததில் வந்த நிறம். இருப்பதிலேயே மெல்லிசு இதுதான், பாலிஷ் கிரீம் வைத்து நாலு தேய்ப்புத் தேய்த்தாலே போய்விடும். இந்தப் பகுதியை மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துரு இருந்தால் மட்டும் அந்தப் புள்ளியைத் தனியாகக் கவனிக்கலாம்.

பிராஸோ மாதிரி மெட்டல் பாலிஷ் எல்லாமே மிக நுண்ணிய உப்புத்தாளைக் குழம்பாக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே அம்மோனியாவும் இருந்தால் நிக்கல் முலாம் பூசிய பழைய ரிவால்வர்களுக்கு இரட்டை ஆபத்து. நிக்கலுக்கு அடியில் செப்புப் பூச்சு இருந்தால், கீறல் வழியாக அம்மோனியா இறங்கி அந்தச் செம்பைக் கரைக்கும், நிக்கல் செதிலாக உரியும். செம்புக்கறை எடுக்க விற்கும் சில குழல் திரவங்களும் அப்படித்தான்.

பஃபிங் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகப் பெரிய சேதம் அங்கேதான் நடக்கிறது, அதுவும் காசு கொடுத்து. பஃப் போட்ட துப்பாக்கியை லென்ஸ் வைத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். திருகாணித் துளையின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் கிண்ணமாகக் குழிந்திருக்கும். பூவேலைக் கோடுகள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் வழுக்கிக்கொண்டும் போகும். இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையில் செய்தவர் பெயர் இருக்குமே, அதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தேய்ந்து நடு எழுத்துகள் மட்டும் நிற்கும். இதைவிட மோசம், குழலின் அடிப்பக்கத் தட்டையில் இருக்கும் புரூஃப் முத்திரைகள் போய்விடுவது. பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் 1813இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு ஏற்படுத்தியது. அங்கே அதிக மருந்து வைத்து வெடித்துச் சோதித்த பிறகுதான் குழலில் முத்திரை அடிப்பார்கள். முத்திரையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியதால், துப்பாக்கி எந்தக் காலத்தது, கருமருந்துக்கு மட்டும் சோதித்ததா, இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்கும் சோதித்ததா என்பதெல்லாம் அதை வைத்தே சொல்லலாம். உதாரணமாக, சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும் அதன் கீழே சி என்ற எழுத்தும் இருந்தால் 1887க்கு முந்தைய சோதனை இல்லை. துப்பாக்கிக்கு ஜாதகம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான், அதைப் பஃப் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டுப் பளபளப்பு வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதேபோல "புளூயிங் புதுசாகப் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், எப்படிப் போடுவீர்கள் என்று கேளுங்கள். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்து 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும் தொட்டியில் முக்குவோம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இரட்டைக் குழலை இணைக்கும் பட்டைகள் ஈயப் பற்றால் ஒட்டியவை. அந்தக் காரம் பற்றைத் தின்றுவிடும், பட்டைக்கு அடியில் புகுந்த உப்பு வெளியே வராமல் உட்கார்ந்து உள்ளிருந்தே அரிக்கும். ஒற்றைக் குழல் ரைஃபிளுக்கு அந்த முறை சரி, உங்களுடையதற்கு ஆகாது.

இப்போது செய்ய வேண்டியது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நம் ஊர் வியர்வையில் இருக்கும் உப்பு போதும், ஒரு வாரத்தில் கைரேகை அப்படியே துருவாக எழும். முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியாக எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் பிரிக்க வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒவ்வொரு புள்ளியிலும் ஒற்றிப் பாருங்கள். துணியில் செங்கல் நிறப் பொடி வந்தால் அது இன்னும் வளரும் துரு, அதற்கு வேலை உண்டு. ஒன்றும் வராமல் கருப்பழுப்பாக வழவழப்பாக இருந்தால் அது பல பத்து ஆண்டுகளில் படிந்து அடங்கிய நிறம். அதைத் தொடாதீர்கள், சேகரிப்பவர்கள் அதற்குத்தான் மதிப்புக் கொடுக்கிறார்கள்.

வளரும் துருவின் மேல் எண்ணெயைத் தாராளமாகத் தடவி ஒரு ராத்திரி விடுங்கள், மண்ணெண்ணெய் கொஞ்சம் கலந்தால் இன்னும் நன்றாக இறங்கும். மறுநாள் மூங்கில் குச்சியைச் சீவிக் கூராக்கி அந்தப் புள்ளியை மட்டும் நெம்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பழைய செப்புக் காசின் விளிம்பு. செம்பு இரும்பைவிட மென்மையானது, துருவைப் பெயர்க்கும், அடியில் இருக்கும் உலோகத்தைக் கீறாது. வீட்டில் காலணாக் காசு ஏதாவது கிடந்தால் அதுவே போதும். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் எவர்சில்வர் ஜாதி, அவற்றை எடுத்துவிடாதீர்கள், கீறிவிடும். எப்போதும் எண்ணெய்க்குள்தான் சுரண்ட வேண்டும், உலர்ந்த உலோகத்தில் கூடாது. துணியில் செம்மை வருவது நிற்கும்வரை ஒற்றுவது, எண்ணெய் வைப்பது, ஒரு நாள் விடுவது என்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். பொறுமையைச் சோதிக்கும், வேறு வழி இல்லை.

ஸ்டீல் உல் பற்றியும் யாராவது சொல்வார்கள். நாலு பூஜ்யம் என்று அச்சிட்ட மிக மெல்லிய ரகம், எண்ணெயோடு, விரல் நுனி பாரம்கூட இல்லாமல், அதுவும் துருப் புள்ளியின் மேல் மட்டும் என்றால் புளூயிங் தாங்கும். பிரவுனிங்கில், அதுவும் டமாஸ்கஸ் குழலில், நான் அதைத் தொடமாட்டேன். சமையலறை ஸ்கிரப்பரை எடுக்கவே கூடாது.

டபிள்யூடி-40 1953இல் நீரை விரட்டுவதற்காக உருவாக்கியது, பெயரில் இருக்கும் டபிள்யூடி என்பதே 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', நீரை விலக்குவது. மழையில் நனைந்த குழலிலிருந்து ஈரத்தை விரட்ட நல்லது. நீண்ட காலக் காப்புக்கு அது போதாது, மெல்லிய படலத்தைத்தான் விட்டுச்செல்கிறது. பூட்டுக்குள் (குதிரையை இயக்கும் பொறி) பீய்ச்சினால் பழைய மசகையும் அழுக்கையும் கரைத்துக்கொண்டு நேராகக் கட்டைக்குள் இறக்கும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். தாத்தா காலத்தில் எல்லோரும் தடவினார்கள் என்பது தெரியும். ஆனால் தாவர எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடித்துப் பிசினாகும், அதில் உண்டாகும் அமிலம் பித்தளையில் பச்சையாகப் பூக்கும். உங்கள் பூட்டு இப்போது இறுக்கமாக வேலை செய்தால் காரணம் அநேகமாக அந்தப் பிசின்தான்.

குழலின் உட்புறத்துக்குப் பித்தளை பிரஷ், துணி, எண்ணெய் போதும். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பழைய தோட்டாக்களின் கேப்பில் (அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது, சுட்டபின் அது சமையல் உப்புக்கு உறவான பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் தங்கிவிடும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். அதனால் முதல் தடவை மட்டும் குழலைத் தனியாக எடுத்துச் சுடுநீரில் நனைத்த துணியை உள்ளே விட்டுத் துடைத்து, உடனே உலர்த்தி எண்ணெய் போடுங்கள். அதற்கு முன் குழலைக் கீழ்க் கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு நகத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று நின்று ஒலித்தால் பட்டைகள் பிடிப்பாக இருக்கின்றன. பொத்தென்று செத்த சத்தம் வந்தால் பற்று விட்டிருக்கிறது, அந்தக் குழலுக்கு நீரே காட்டாதீர்கள்.

சுத்தமானதும் ஒரு தோட்டா போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது உசுப்பினால் காதில் வாங்காதீர்கள். கருமருந்துக்குச் சோதித்த டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைச் சுடுவது விரல்களைப் பந்தயம் வைப்பது.

பூட்டைக் கழற்றலாமா என்றால், உங்களிடம் அதற்கான திருப்புளி இல்லாதவரை வேண்டாம். இந்தத் துப்பாக்கிகளின் திருகாணி வெட்டு மயிரிழை அகலம்தான் இருக்கும், ஹார்ட்வேர் கடைத் திருப்புளி நுனி ஆப்பு மாதிரிச் சரிந்திருப்பதால் வெட்டின் மேல் விளிம்பை மட்டும் பிடித்துப் பிய்த்துவிடும். நல்ல துப்பாக்கியில் எல்லா வெட்டும் குழலின் திசைக்கு நேராக வரிசையாக நிற்கும்படி பொருத்தியிருப்பார்கள். ஒன்று கோணலாக நின்றால் முன்பே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

கட்டை வால்நட் மரம், பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் ஊட்டியது. வார்னிஷ், பாலியூரிதேன், டச் வுட் எதுவும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம், ஏனென்றால் மரமும் உலோகமும் சந்திக்கும் இடத்தில் மரம் ஒரு மயிரளவு உயர்ந்து நிற்பதுதான் அசல், அதைத் தேய்த்துவிட்டால் திரும்ப வராது. டர்பன்டைன் தொட்ட துணியால் அழுக்கை எடுங்கள், கைப்பிடியில் இருக்கும் கட்டம் போட்ட செதுக்கலுக்குப் பழைய டூத்பிரஷ். உலோகத்தை ஒட்டிய மரம் கறுத்திருப்பது எண்ணெய் ஊறியதால். அதற்கு முல்தானி மிட்டியை டர்பன்டைனில் குழைத்துப் பற்றுப் போட்டுக் காயவிட்டால் எண்ணெயை உறிஞ்சும். உலோகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே தடவையில் போகாது, முழுதும் போகவும் தேவையில்லை. கடைசியில் ஆளிவிதை எண்ணெய் விரல் நுனியில் இரண்டு சொட்டு, சூடு வரும்வரை தேய்த்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயவையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மெல்லிசாக ஒரு பூச்சு, மரத்துக்கும் உலோகத்துக்கும் சேர்த்தே. ரெனைசான்ஸ் வாக்ஸ் என்று விற்பது பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது, விலை அதிகம், ஆனால் ஒரு சின்ன டப்பா வருஷக்கணக்கில் வரும். கார் வாக்ஸ் அதற்கு மாற்று இல்லை, பலவற்றில் தேய்க்கும் தூள் கலந்திருக்கும்.

தோல் உறையிலோ கான்வாஸ் உறையிலோ போட்டு வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்னை, நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் சாதாரணமாகவே 70 சதவீதத்தைத் தொடும். பூட்டிய மர அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல், துப்பாக்கியின் மூக்குக் கீழே பார்க்கும்படி நிறுத்தினால் எண்ணெய் கட்டைப் பக்கம் வடியாது. ஹாலில் மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள், வெயில், சுவர் ஈரம், வருகிறவர் எல்லாம் தொட்டுப் பார்ப்பது, இதோடு லைசென்ஸ் பொருளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டிய பொறுப்பும் இருக்கிறது.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காமல் இருக்கமாட்டீர்கள் என்று தெரியும். ஈரச் சந்தனமும் குங்குமமும் விபூதியும் குழலில் ஒரு ராத்திரி இருந்தாலே அடியில் வட்டமாகத் துரு வரும். நான் பார்த்த வீட்டுத் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் பட்டையின் நடுவில், சரியாக ஒரு விரல் அகலத்துக்கு ஒரு புள்ளி இருக்கும், அது அப்படி வந்ததுதான். ஒரு பருத்தி நாடாவைக் கட்டி அதில் பொட்டை வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

இன்னொன்று, தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மாதக்கணக்கில் அங்கே என்ன ஈரத்தில், எதன் மேல் சாய்ந்து நிற்குமோ நம் கையில் இல்லை. கொண்டுபோவதற்கு முதல் நாள் இன்னொரு பூச்சு மெழுகு போடுங்கள், குழல், முத்திரை, கட்டை எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுங்கள், இயந்திரப் பாகங்களைச் சுற்றும் துருத்தடுப்பு விசிஐ காகிதத்தில் குழலைச் சுற்றிப் பருத்தித் துணி உறை போட்டுக் கொடுங்கள். பாலித்தீன் உறை வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும். ரசீதில் துப்பாக்கி எண்ணோடு "உறையுடன்" என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், திரும்ப வந்த அன்றே உறையைப் பிரித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள்.